வெயிலில் கிடத்திய கட்டில்: மூட்டைப்பூச்சியும் வெப்பமும் குறித்த ஒரு சிறு வரலாறு

ரோகிணிக் கார்த்தியில் உரலும் வெடிக்கும் என்பது தெலுங்கு மக்களிடையே வழங்கும் பழமொழி. மே மாதத்தின் கடைசி வாரத்தில் தொடங்கி ஏறத்தாழ இரண்டு வாரம் நீடிக்கும் அக்காலம், தமிழகத்தார் கத்திரி வெயில் என்று சொல்லும் நாட்களின் வால்பகுதியைத் தொட்டு வருவது. தக்காணத்திலும் தமிழகத்திலும் கயிற்றுக் கட்டில்களும் நாடாக் கட்டில்களும் மெத்தைகளும் மாடிக்கோ தெருவுக்கோ வரும் காலமும் அதுவே. சிக்கந்தராபாத் படைவீட்டை அடுத்து, இரயில் சந்திப்பைச் சுற்றி வளர்ந்த மல்காஜ்கிரி போன்ற குடியிருப்புப் பகுதிகளில், சுவரோடு சுவர் ஒட்டிய வாடகை வீடுகளிலும் விடுதிகளிலும் இவ்வழக்கம் முற்றிலும் மறையவில்லை. கட்டிலை வெயிலில் கிடத்துவதும், அதன் பொருத்துகளில் கொதிநீர் ஊற்றுவதும் மூட்டைப்பூச்சிக்கு எதிராக மக்கள் கைக்கொண்ட மிகப் பழைய வைத்தியங்கள்.

இப்பூச்சிக்கு இட்ட பெயர்களே அதன் இருப்பிடத்தைச் சுட்டுகின்றன. தக்கனி உருதுவில் வழங்கும் ‘கட்மல்’ என்ற சொல்லின் முற்பகுதி கட்டிலைக் குறிப்பது. தமிழில் ‘மூட்டைப்பூச்சி’ என்பதோடு ‘மூட்டுப்பூச்சி’ என்ற வடிவமும் வழங்குகிறது. மரச்சட்டங்கள் சேரும் மூட்டுகளில் அது குடியிருப்பதைக் கண்டவர்களுக்கு இரண்டாம் வடிவம் இயல்பாகவே பொருந்தியிருக்கும். பகலில் அது வாழ்வது கட்டில் பரப்பின் மீதன்று, அதன் இடுக்குகளில். வெப்பச் சிகிச்சையின் வெற்றியும் தோல்வியும் இந்த ஒரு செய்தியைச் சார்ந்தே அமைந்துள்ளன.

உரலை வெடிக்கச் செய்யும் வெயில், ஆண்டுதோறும் கட்டில் மீது விழுந்தும் மூட்டைப்பூச்சி ஏன் அழியவில்லை? வெப்பம் அதனைக் கொல்லும் என்பதில் ஐயமில்லை. 2011இல் கெல்ஸ், கோப்லிர்ஷ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வின்படி, 45 பாகை செல்சியஸில் வளர்ந்த பூச்சிகள் சாவதற்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஆகிறது. முட்டைகளோ அதே வெப்பத்தில் ஏழு மணி நேரம் வரை தாக்குப்பிடிக்கின்றன. 48 பாகையில் முட்டைகளுக்குச் சற்றேறக்குறைய 72 நிமிடம் போதும். உடனடியாகச் சாக வேண்டுமெனில் பூச்சிக்கு 48 பாகைக்குச் சற்று மேலும், முட்டைக்கு ஏறத்தாழ 55 பாகையும் தேவை. இவை குளிர்நாட்டு இனமான சிமெக்ஸ் லெக்டுலாரியஸ் குறித்த கணக்குகள். நம் வீடுகளில் பெரிதும் காணப்படுவது வெப்பநாட்டு இனமான சிமெக்ஸ் ஹெமிப்டெரஸ் என்பதால், இந்த அளவுகளுக்கு மேலும் ஓரளவு கூட்டி வைத்துக்கொள்வதே முறை. வெயிலில் கிடக்கும் கட்டிலின் மேற்பரப்பு இந்த வெப்பத்தை எளிதில் எட்டும். ஆனால் மேற்பரப்பு சுடத் தொடங்கியதும் பூச்சி நிழல்பக்கம் நகர்ந்துவிடுகிறது. 2006இல் ஆஸ்திரேலியாவில் டாகெட்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் மெத்தைகளைக் கறுப்பு நெகிழித்தாளில் பொதிந்து கோடை வெயிலில் வைத்துப் பார்த்தபோது, வெயில் பட்ட பக்கம் கொல்லும் வெப்பத்தைக் கடந்தது, தரையைத் தொட்ட பக்கம் அதனை எட்டவில்லை. ஆக, வெப்பத்தின் அளவை விட, தப்பியோட வழியில்லாத அடைப்பே முடிவைத் தீர்மானிக்கிறது.

இவ்வுண்மை ஒரு நூற்றாண்டுக்கு முன்பே செயல்முறையில் அறியப்பட்டிருந்தது. 1915இல் செர்பியாவில் டைபஸ் காய்ச்சல் பரவியபோது, அங்குச் சென்ற பிரித்தானிய மருத்துவக் குழு பேன்களை ஒழிக்க எளிய கருவி ஒன்றைக் கையாண்டது. அடியில் துளையிட்ட மரப்பீப்பாயைக் கொதிக்கும் கொப்பரை மீது அமர்த்தி, உள்ளே உடைகளை இட்டு மூடி, நீராவியால் வேகவைப்பது அதன் முறை. நம் இட்லிப் பானையின் தத்துவமே அது. மூடிய கலத்துக்குள் பேனுக்கு நிழல்பக்கம் என்று ஒன்று இல்லை. அடுத்த ஆண்டு கனடாவில் டபிள்யூ. ஏ. ராஸ் என்னும் பூச்சியியலாளர், வீட்டையே மிகைச்சூடாக்கி மூட்டைப்பூச்சியை ஒழிப்பது குறித்து எழுதினார். குளிர்நாட்டு வீடுகளில் சூடேற்றும் அமைப்பு முன்னரே இருந்தமையால் அங்கு அது இயன்றது. நம் வீடுகளில் அவ்வசதி இல்லை.

இங்கே நிகழ்ந்த வரலாறு வேறு. 1903இல் சென்னையில் சார்லஸ் டோனவன் காலா அசார் நோயின் ஒட்டுண்ணியைக் கண்டார். அதன்பின், சென்னையிலேயே பணியாற்றிய டபிள்யூ. எஸ். பேட்டன், அவ்வொட்டுண்ணி மூட்டைப்பூச்சியின் உடலுக்குள் வளர்ச்சியுறுவதாக 1907இல் அறிக்கை வெளியிட்டார். சில காலம் மூட்டைப்பூச்சி அரசு மருத்துவத் துறையின் ஐயப்பட்டியலில் முதலிடம் பெற்றது. பின்னர் சந்தேகம் மணல் ஈயின் பக்கம் திரும்பியது. 1942இல் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் ஆகியோர் நடத்திய சோதனை மணல் ஈயே நோயைக் கடத்துகிறது என்று உறுதிசெய்தது. நோய் பரப்பாத பூச்சி என்று தீர்ப்பானதும், மூட்டைப்பூச்சி அரசின் அக்கறையிலிருந்து நழுவியது. மல்காஜ்கிரியிலிருந்து அதிகத் தொலைவில்லாத பேகம்பேட்டையில், 1897 ஆகஸ்ட் 20 அன்று ரொனால்ட் ராஸ் கொசுவின் உடலில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். அதன் விளைவாகக் கொசுவுக்கென்று துறைகளும் பணியாளர்களும் நிதியும் உருவாயின. உறக்கத்தைக் கெடுக்கும் மூட்டைப்பூச்சிக்கு அப்படி எதுவும் வாய்க்கவில்லை. அது வீட்டுப் பிரச்சினையாக, நடைமுறையில் வீட்டுப் பெண்களின் பிரச்சினையாகவே விடப்பட்டது.

ஒரே ஒரு காலத்தில் மட்டும் அரசின் கை தற்செயலாக அப்பூச்சியின் மீதும் பட்டது. 1953இல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. 1958இல் அது ஒழிப்புத் திட்டமாயிற்று. சுவரெங்கும் டிடிடி தெளித்தபோது கொசுவோடு மூட்டைப்பூச்சியும் செத்தது. கொசுவைவிட அதன் சாவே மக்கள் கண்ணுக்கு உடனே தெரிந்தமையால், தெளிப்பாளர்களை வீடுகள் வரவேற்றன. கட்டிலுக்குக் கொதிநீர் ஊற்றும் வேலை தேவையற்றதாயிற்று. ஆனால் டிடிடியை எதிர்த்து நிற்கும் மூட்டைப்பூச்சிகள் 1947இலேயே ஹவாய்த் தீவில் தென்பட்டிருந்தன. விரைவில் இந்தியாவிலும் தோன்றின. சாகாத பூச்சியை அம்மருந்து உறுத்தி இடுக்கிலிருந்து வெளியே துரத்தியது. மருந்து அடித்தபின் பூச்சி பெருகிவிட்டது என்று மக்கள் கூறியது அவர்களின் கண்கண்ட அனுபவம். இதனால் மலேரியாத் தெளிப்பாளருக்கே கதவடைத்த வீடுகள் பல நாடுகளில் இருந்தன என்பதை 1971இல் ரஃபத்ஜா தம் கட்டுரையில் விளக்கினார். 1960களின் நடுவில் ஏறத்தாழ ஒரு இலட்சமாகக் குறைந்திருந்த இந்தியாவின் மலேரியா எண்ணிக்கை 1976இல் 64 இலட்சத்தைத் தாண்டியது. அவ்வெழுச்சிக்குக் காரணங்கள் பல. அடைக்கப்பட்ட கதவுகளையும் அவற்றோடு சேர்த்து எண்ண வேண்டும். துறையில்லாத பூச்சியைப் பொருட்படுத்தாமை, துறையுள்ள நோயையும் பாதித்தது.

இன்று பைரித்ராய்டு மருந்துகளுக்கும் மூட்டைப்பூச்சி பழகிவிட்டது. மருந்து வேலைசெய்யாதபோது அளவைக் கூட்டுவதும், வயலுக்கும் கிடங்குக்கும் உரியவற்றைப் படுக்கையறைக்குக் கொண்டுவருவதும் நிகழ்கின்றன. அமெரிக்காவில் 2003 முதல் 2010 வரை ஏழு மாநிலங்களில் மூட்டைப்பூச்சி மருந்தால் நேர்ந்த 111 நச்சுப் பாதிப்புகள் பதிவாயின. அவற்றுள் ஒன்று மரணத்தில் முடிந்தது. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் வீட்டுக்குள் வைத்த எலி மருந்தின் நச்சால் இரண்டு குழந்தைகள் இறந்தன. பூச்சி வேறாயினும், உறங்கும் அறைக்குள் நஞ்சு வந்த வழி ஒன்றே. நஞ்சில்லாத வழி என்ற முறையில் வெப்பம் மீண்டும் கவனம் பெறுவது இச்சூழலில்தான்.

ஆனால் வெப்பத்துக்கும் அதற்குரிய ஆபத்து உண்டு. அறையைச் சூடேற்றவென்று கரி அடுப்பையோ எரிவாயு அடுப்பையோ மூடிய அறைக்குள் எரிய விடுவது உயிருக்கு உலை வைப்பது. மணமோ நிறமோ இல்லாத கார்பன் மோனாக்சைடு, பூச்சிக்கு முன் மனிதரைக் கொல்லும். மின்சூடேற்றிகளை வரிசையாக வைத்து அறையை 50 பாகைக்கு உயர்த்த முயல்வது பழைய மின்கம்பிகள் உள்ள வீட்டில் தீவிபத்தை அழைப்பது. அப்படிச் செய்தாலும் சுவர் இடுக்கு சூடாவதற்குள் பூச்சி அடுத்த வீட்டுக்குப் போய்விடும். மண்ணெண்ணெயோ சாராயமோ பூசிய கட்டிலருகே நெருப்பைக் கொண்டுசெல்லலாகாது என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

வரலாறு காட்டும் பாதுகாப்பான வழி, செர்பியப் பீப்பாயின் வழி: அறைக்கு வெப்பத்தைக் கொண்டுவராமல், பொருளை வெப்பத்திடம் கொண்டுசெல்வது. துணிகளைப் படுக்கையருகிலேயே பையில் கட்டி எடுத்துச்சென்று 60 பாகை நீரில் துவைத்தால் பூச்சியும் முட்டையும் சாகும். சலவை உலர்த்தியின் சூடான சுழற்சியில் அரை மணி நேரம் வைத்தாலும் போதும் என 2010இல் நேய்லரும் போஸும் காட்டினர். மரக்கட்டிலை மாடியில் பிரித்து, பொருத்துத் துளைகள் ஒவ்வொன்றிலும் கொதிநீரை நிதானமாக ஊற்ற வேண்டும். குழந்தைகள் அருகில் இருக்கக் கூடாது. பஞ்சு மெத்தைக்கு இது பொருந்தாது. உள்ளே தங்கும் ஈரம் பூஞ்சையாகும். வெயிலையே நம்புவதானால் சிறு பொருள்களை மெல்லிய அடுக்காக அடைத்துக் கட்டி, திருப்பிப் போட்டு, நடுவில் ஒரு வெப்பமானியை வைத்துப் பார்க்க வேண்டும். மேலே தொட்டுப் பார்த்துச் சுடுகிறது என்று முடிவுகட்டுவதே பழைய பிழை. முட்டை பொரிய ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகுமாதலால், இரண்டு வாரத்துக்குள் மறுமுறை செய்வது இன்றியமையாதது.

ஒரு வீடு மட்டும் இவற்றைச் செய்தால் பயன் பாதியே. பொதுச்சுவரின் மறுபுறம் பூச்சி காத்திருக்கும். பழைய கோடை வழக்கத்துக்கு இங்கே ஒரு சிறப்பு இருந்தது. கத்திரியும் ரோகிணியும் எல்லா வீட்டுக்கும் ஒரே வாரத்தில் வருபவை. கட்டில்களும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் வெளியே வந்தன. அவ்வெயில் பூச்சியை முழுதும் கொல்லவில்லை எனினும், எந்த வீட்டில் பூச்சி உண்டு என்பதை மறைக்க வேண்டிய நாணத்தை அது தேவையற்றதாக்கியது. இன்று மூட்டைப்பூச்சி இருப்பதை வாடகைக்காரர் உரிமையாளரிடம் மறைக்கிறார், விடுதி மாணவர் அறைத்தோழரிடம் மறைக்கிறார். அந்த மறைவே பூச்சிக்குக் கிடைக்கும் கடைசி நிழல்பக்கம். கொசுவுக்கு இருப்பதுபோல் இதற்கும் நகராட்சியில் ஒரு பொறுப்பு அலுவலர் இருந்தால், ஒரு தெருவுக்குப் பொதுவான ஒரு சூட்டுக்கலம் இருந்தால், நஞ்சை நாட வேண்டிய வீடுகள் குறையும். கொப்பரையும் பீப்பாயும் கொண்டு 1915இல் இயன்றது இன்று இயலாததாக இருக்க நியாயமில்லை.