ஆயுதம் ஓய்ந்த பின்னும் அடங்கிக் கிடக்கும் நாவு



இறந்தோரை நினைந்து மன்றாடும் இந்த நவம்பர் மாதத்தில், வட அயர்லாந்தின் முப்பது ஆண்டுக் கால வரலாற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன். நீடித்த பயங்கரவாதம் ஒரு சமூகத்தின் அன்றாட வாழ்வை எவ்வாறு மாற்றிவிடுகிறது என்பதற்கு அச்சிறு நிலம் தெளிவானதொரு சான்று.

வேலை, வீடு, உள்ளூராட்சி வாக்குரிமை ஆகியவற்றில் நீதி வேண்டி, 1960களின் பிற்பகுதியில் அங்குள்ள கத்தோலிக்கச் சிறுபான்மையினர் அமைதி வழியில் ஊர்வலம் சென்றனர். அவர்கள் அடித்து விரட்டப்பட்டனர், கலவரங்கள் மூண்டன, 1969இல் பிரித்தானிய இராணுவம் வீதிகளில் இறங்கியது. ஐ.ஆர்.ஏ. இயக்கம் ஒருபுறமும், புரட்டஸ்தாந்து ஆயுதக் குழுக்கள் மறுபுறமும் கொலைகளில் ஈடுபட்டன. 1972 ஜனவரி 30 அன்று டெரி நகரில் ஊர்வலம் சென்ற மக்கள்மீது இராணுவம் சுட்டதில் 13 பேர் அன்றே மாண்டனர். அதே ஆண்டு ஜூலை 21 அன்று, ஐ.ஆர்.ஏ. பெல்ஃபாஸ்ட் நகரில் ஏறத்தாழ 20 குண்டுகளை ஒன்றரை மணி நேரத்துக்குள் வெடிக்கச் செய்து 9 பேரைக் கொன்றது. ஏறத்தாழ 15 இலட்சம் மக்களே வாழ்ந்த அந்நிலத்தில், 1998க்குள் 3,500க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

மாண்டவர்களை எண்ணிவிடலாம், உயிரோடு இருந்தோர் வாழ்ந்த வாழ்வை எப்படி எண்ணுவது? நகரின் கடைத்தெருக்களைச் சுற்றி இரும்பு வேலி எழுந்தது. துணி வாங்கச் செல்லும் தாய்மார் தம் கைப்பையைத் திறந்து காட்டிய பின்னரே உள்ளே செல்ல இயன்றது. காவல்துறையினர் காலைதோறும் குனிந்து தம் காரின் அடியில் குண்டு உண்டா எனப் பார்த்தனர். அவர்தம் மனைவியர் சீருடைச் சட்டையை வெளிக்கொடியில் உலர்த்த அஞ்சினர். தந்தையின் தொழிலை எவரிடமும் சொல்லாதே என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கப்பட்டது. புதியவர் ஒருவரின் பெயரையும் பள்ளியையும் கேட்டே அவர் எந்தப் பக்கத்தவர் என்று கணித்தனர். ஆங்கில அரிச்சுவடியின் எட்டாம் எழுத்தை ஒருவர் 'ஏய்ச்' என்கிறாரா 'ஹேய்ச்' என்கிறாரா என்பதுகூட அடையாளமாயிற்று.

இவையெல்லாம் ஈற்றில் ஒரே பழக்கத்தில் வந்து முடிந்தன: வாய் திறவாமை. 1972 டிசம்பரில், பத்துப் பிள்ளைகளின் தாயான ஒரு கைம்பெண்ணை ஐ.ஆர்.ஏ.யினர் பெல்ஃபாஸ்டில் அவர் வீட்டிலிருந்து இழுத்துச் சென்றனர். பிள்ளைகள் வெவ்வேறு இல்லங்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டனர். தாயை இழுத்துச் சென்றவர்களில் சிலரை அடையாளம் கண்ட மகன், வளர்ந்து முதியவரான பின்னும் அவர்கள் பெயரைச் சொல்லத் துணியவில்லை. தாமே கொன்றோம் என்று அவ்வியக்கம் ஒப்புக்கொள்ள 1999 ஆயிற்று. கடற்கரையொன்றில் அவர் உடல் கிடைத்தது 2003இல். இவ்வாறு இரகசியமாகப் புதைக்கப்பட்டோரைத் தேட இரு நாட்டு அரசுகளும் 1999இல் ஆணையம் ஒன்றை அமைத்தன. அதற்குத் தரப்படும் தகவல் எதுவும் நீதிமன்றத்தில் சான்றாகப் பயன்படுத்தப்படாது என்று சட்டமே உறுதி கூறியது. அப்படியிருந்தும் சிலருடைய உடல்கள் இன்றுவரை கிடைக்கவில்லை.

அம்மௌனத்தை உடைக்க முயன்றவர்களுள் ஒருவர் ரெடம்ப்டரிஸ்ட் சபைக் குரு அலெக் ரீட். 1988 மார்ச் 19 அன்று, இறுதி ஊர்வலம் ஒன்றில் சிக்கிய இரு பிரித்தானியப் படைவீரரைக் காக்க அவர் முயன்றார், இயலவில்லை. சுடப்பட்டுக் கிடந்தோர் அருகே மண்டியிட்டு இறுதித் திருச்சடங்கை நிறைவேற்றினார். அவ்வேளை அவரிடம் ஓர் உறை இருந்தது. ஜெரி ஆடம்ஸ் தரப்பு ஜான் ஹியூமுக்கு அனுப்பிய, சமாதானப் பேச்சுக்கான ஆவணம் அதனுள் இருந்தது. உறையில் இரத்தம் தோய்ந்தது. ஆவணம் போய்ச் சேர்ந்தது. பத்தாண்டு கழித்து, 1998 ஏப்ரல் 10, பெரிய வெள்ளியன்று உடன்படிக்கை எட்டப்பட்டது.

ஆயினும், தற்காலிகமானவை என்று 1969இல் எழுப்பத் தொடங்கிய தடுப்புச் சுவர்கள் பெல்ஃபாஸ்டில் இன்னும் நிற்கின்றன. சிலவற்றின் வாயில்கள் இன்றும் இரவில் மூடப்படுகின்றன. பெரும்பாலான பிள்ளைகள் இன்றும் தத்தம் சமூகத்தாருடனேயே கல்வி பயில்கின்றனர். அச்சத்தில் கற்ற பழக்கங்களைக் கைவிட, ஆயுதங்களைக் கைவிடுவதைக் காட்டிலும் நெடுங்காலம் ஆகிறது.

அன்பர்களே, உங்களுள் பலருக்கு இதனை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. கதவு தட்டப்படும் ஒலியில் திடுக்கிட்டு, சிலர் பெயரை உச்சரிக்காதிருக்கப் பழகி வந்தவர்கள் நம்மிடையே உள்ளனர். அப்பழக்கம் உங்களை ஒருகாலம் காத்தது. அதற்காக எவரும் நாணவேண்டியதில்லை. ஆனால் இங்கே பிறந்த பிள்ளைகள் நம் மௌனத்தை மட்டும் பெற்றுக்கொண்டு, அதன் காரணத்தை அறியாது வளர்கின்றனர்.

ஆகவே இம்மாதம் உங்கள் இல்லத்தில் இறந்த ஒருவருக்காக மெழுகுதிரி ஏற்றும்போது, அவர் பெயரைப் பிள்ளைகள் கேட்கும்படி உரக்கச் சொல்லுங்கள். அவர் எப்படி வாழ்ந்தார், எப்படி மாண்டார் என்பதைச் சொல்லுங்கள். அவரைக் கொன்றவர் எத்தரப்பினர் ஆயினும் உண்மையை மறைக்காதீர்கள், பகையையும் ஊட்டாதீர்கள். சொல்ல இயலாத அளவுக்குப் பாரமாக இருந்தால் என்னிடம் வாருங்கள். சேர்ந்து அமர்ந்து பேசுவோம்.

இறைவனின் அமைதி உங்கள் இல்லங்களில் நிலைப்பதாக.