கதவுத் துளையிலிருந்து கணினிவரை

வீட்டைக் காக்கும் கமராவின் வரலாற்றிலே ஒரு தாதிக்கு முதலிடம் உண்டு. நியூயோர்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் வாழ்ந்த மேரி வான் பிரிட்டன் பிரவுண் என்னும் கறுப்பின மாதே அவர். அவருக்கும் கணவர் அல்பேர்ட்டுக்கும் வேலைநேரம் ஒழுங்கற்றது. இரவிலே தனித்திருக்கையில் கதவு தட்டப்படும், தட்டுபவர் யார்? அழைத்தாலும் பொலிசார் விரைந்து வருவதில்லை. இந்த அச்சமே ஒரு கருவியைப் பிறப்பித்தது.

1966இல் விண்ணப்பித்து 1969 டிசெம்பரில் தம்பதியர் பெற்ற காப்புரிமையின்படி, கதவிலே மேலுங் கீழுமாக நான்கு துளைகள். அவற்றின் பின்னே ஏறியிறங்கும் கமரா. படுக்கையறையிலே தொலைக்காட்சித் திரை. வந்தவர் நெட்டையரோ சிறுவரோ, ஏதேனும் ஒரு துளையில் முகம் தெரியும். உள்ளிருந்தே பேசலாம், பொத்தானை அழுத்தித் தாழ் நீக்கலாம், ஆபத்தாயின் எச்சரிக்கை அனுப்பலாம். ஆயினும் திரையைப் பார்க்க ஒருவர் விழித்திருத்தல் வேண்டும். அக்காலக் கமராவின் விலையோ எளிய குடும்பத்துக்கு எட்டாதது.

கமராவையும் கணினியையும் இணைத்த புகழ்பெற்ற முயற்சியொன்று 1991இல் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வுகூடத்தில் நிகழ்ந்தது. காவலுக்காகவன்று, கோப்பிக்காக! படியேறி வந்து வெறுங்கூசாவைக் கண்டு சலித்த ஆய்வாளர், அதன்மீது கமராவைத் திருப்பி, ஓர் ஏக்கோர்ன் கணினிவழியாகப் படத்தைத் தத்தம் மேசைக்கு வரவழைத்தனர். 1993இல் அப்படம் இணையத்திலே உலகெங்கும் தெரியலாயிற்று. 2001இல் அக்கமரா ஓய்ந்தது.

விழித்திருக்கும் வேலையைக் கணினியிடமே ஒப்படைக்கக் களவொன்று காரணமாயிற்று. வாகனக் கொட்டிலில் இருந்த மின்கருவிகளைப் பறிகொடுத்த பிலிப் கூம்ப்ஸ் என்பவர், 2002இல் ‘சோன்மைண்டர்’ என்னும் மென்பொருளை எழுதி, எவரும் இலவசமாகப் பயன்படுத்த விட்டார். ஒரு படத்தை அடுத்த படத்தோடு ஒப்பிட்டு, மாற்றம் கண்டாற் பதிந்துகொள்வதே அதன் வேலை. அசையும் மரக்கிளையும் கள்வனாகத் தோன்றுமாதலால், கவனிக்கவேண்டிய பகுதியை மட்டும் திரையிலே வரைந்து காட்டலாம். வட்டு நிறைந்ததும் பழைய படங்களை அழித்துப் புதியவற்றுக்கு இடஞ்செய்யவும் அதனைப் பணிக்கலாம்.

லினக்சில் இயங்கும் இதற்குப் புத்தம்புதிய யந்திரம் வேண்டுவதில்லை. மூலையில் ஒதுக்கிய பழைய மேசைக் கணினியே இரண்டொரு கமராவை மேய்க்கும். இரவும் பகலும் ஓடுவதால் மின்கட்டணம் சற்று ஏறும். பழைய வட்டு எந்நேரமும் பழுதாகலாம். ஆகையால் வட்டையேனும் மாற்றிக்கொள்வது நன்று. கள்வன் கணினியையே தூக்கிச் செல்லவுங் கூடும். எனவே விவரமறிந்தோர் அதனை வாசலருகே வைப்பதில்லை. பிரவுண் அம்மையாரின் திரையைப் போல உள்ளறையிலேதான் வைக்கின்றனர்.