ஊருக்குப் பிறந்த நாள் உண்டா?



மனிதருக்குப் பிறந்த நாள் உண்டு. ஊருக்கும் உண்டா? உண்டு என்பார்கள் பிலிப்பைன்ஸ் நாட்டு மக்கள். அங்கே பல ஊர்கள் தாம் தோன்றிய நாளை உள்ளூர் விடுமுறையாகக் கொண்டாடுகின்றன. தலைநகர் மணிலாவின் நாள் ஜூன் 24. மணிலாவில் அதற்கு முன்பே மக்கள் வாழ்ந்தார்கள். ஆயினும் 1571-ஆம் ஆண்டில் அந்த நாளன்று ஸ்பானியத் தளபதி லெகாஸ்பி அதனைத் தம் ஆட்சிக்குரிய நகரமாக நிறுவினார். அது எழுத்தில் பதிந்திருப்பதால் நாள், மாதம், ஆண்டு மூன்றும் தெரிகின்றன.

நம் மலாக்காவுக்கு அப்படி ஒரு நாள் உண்டா? ஏப்ரல் 15 பல ஆண்டுகள் இங்கு மாநில விடுமுறையாக இருந்தது. 1989-ஆம் ஆண்டில் அந்த நாளில்தான் மலாக்கா 'வரலாற்று நகர்' என அறிவிக்கப்பட்டது. ஆக, அது பட்டம் பெற்ற நாளே தவிரப் பிறந்த நாள் அல்ல.

மலாக்கா தோன்றிய கதையைச் 'செஜாரா மெலாயு' என்னும் மலாய் நூல் கூறுகிறது. சிங்கப்பூரை இழந்து வந்த அரசரின் வேட்டை நாயை ஒரு வெள்ளைச் சருகுமான் எட்டி உதைத்ததாம். வியந்த அரசர், தாம் சாய்ந்து நின்ற மரத்தின் பெயரைக் கேட்டார். "மலாக்கா" என்றார்கள். அதுவே ஊரின் பெயராயிற்று. அந்த மரம் வேறொன்றுமில்லை. நம் நெல்லி மரம்தான்!

கதை இனிக்கிறது, ஆனால் அதில் ஆண்டு இல்லை. 1400-ஐ ஒட்டி என்பது அறிஞர் பலர் கருத்து. மாநில அரசோ 1262 என்ற ஆண்டை ஏற்றுக்கொண்டது. இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 140 ஆண்டுகள்! எழுதி வைக்காத தொடக்கம் இப்படித்தான் வாதத்துக்கு உரியதாகிறது.

இந்த ஊர் வரலாற்றில் நம்மவர்க்கும் இடம் உண்டு. சுல்தான்கள் காலத்தில் துறைமுகத்தைக் கவனிக்க நான்கு ஷாபந்தர்கள் இருந்தார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த கப்பல்கள் அவர்களுள் ஒருவர் பொறுப்பில் இருந்தன. நம் கிளேபாங்கிலிருந்து கடலோரமாக மேற்கே சென்றால் வரும் தஞ்சோங் கிளிங் என்ற பெயரே, இந்தியரை 'கெலிங்' என்றழைத்த காலத்தின் அடையாளம்.

அந்தக் காலத்து வணிகர் வழிவந்த மலாக்கா செட்டிகள் இன்று வீட்டில் பேசுவது மலாய். ஆயினும் ஜாலான் துக்காங் எமாஸில் உள்ள பொய்யாத விநாயகர் ஆலயத்தின் ஆண்டைக் கேட்டால், 1781 எனத் தயங்காமல் கூறுவார்கள். டச்சுக்காரர் நிலம் அளித்த விவரம் பதிவில் இருப்பதே காரணம். பேச்சு மாறியபின்னும் பதிவு நின்றது.

இனி நம் தோட்டங்களுக்கு வருவோம். 1896-இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் தான் சாய் யான் ரப்பர் பயிரிட்டார். மலாயாவில் வணிகத்துக்காக ரப்பர் பயிரிட்டது அதுவே முதல் முறை. இவ்வாண்டு எல்லாப் புத்தகங்களிலும் உள்ளது. ஆனால் உங்கள் தோட்டத்தில் முதல் லயம் எழுந்தது எந்த ஆண்டு? மாரியம்மனுக்கு முதற்கல் நட்டவர் யார்? தமிழ்ப் பள்ளி எப்போது தொடங்கியது? இவற்றைப் புத்தகத்தில் தேடிப் பயனில்லை. முதியோரிடம் கேட்டால்தான் உண்டு.

அவர்களுக்கு ஆண்டு நினைவில்லாமல் இருக்கலாம்; கவலை வேண்டாம். "ரஜூலா கப்பலில் வந்தோம் என்று அப்பா சொன்னார்" என்பார் ஒரு பாட்டி. ரஜூலா ஓடத் தொடங்கியது 1926-இல். "கங்காணி ஊருக்கு வந்து ஆள் சேர்த்தார்" என்றும் அவர் சொன்னால், அது 1938-க்கு முன்பு. அந்த ஆண்டு இந்திய அரசு அதைத் தடுத்துவிட்டது. பன்னிரண்டு ஆண்டு எல்லைக்குள் வந்துவிட்டோம் அல்லவா!

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் இடிந்து, மக்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்துவிட்ட காலம் இது. கோயிலும் பள்ளியும் இடம் மாறினால் அடையாளமும் மறையும். ஆகவே, வீட்டுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து, வந்த ஊர், வந்த கப்பல், முதல் தோட்டம், கங்காணி பெயர் ஆகிய நான்கையும் இந்த வாரமே எழுதுவோம். சொல்லத் தெரிந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.