கீறல் போட்டது யாரு? - கார் கழுவுற கதையோட நூறு வருஷம்

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம். அப்பார்ட்மெண்ட் பார்க்கிங்ல என் கருப்புக் கார் மேல வெயில் சாய்வா விழுந்துச்சு. பார்த்தா பானெட் முழுக்க சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமா மெல்லிய கீறல்கள். செகண்ட் ஹேண்ட் வண்டிதான், ஆனாலும் என் சொந்தக் காசுல வாங்கின முதல் வண்டி. வயிறு எரிஞ்சுது. நேரா செக்யூரிட்டி அண்ணன்கிட்ட போனேன். அவர்தான் விடியக்காலையில எங்க பிளாக்ல பத்துப் பன்னெண்டு வண்டி துடைப்பார், ஒரே வாளி, ஒரே துணி. "என்னண்ணே, இப்படிக் கீறி வச்சிருக்கீங்க"ன்னு கொஞ்சம் சத்தமாவே கேட்டுட்டேன். அவர் பதில் பேசலை. "சரி சார்"னு சொல்லிட்டுப் போயிட்டார்.

அன்னைக்கு ராத்திரி, இந்த வட்டக் கீறல் எப்படி வருதுன்னு படிக்க ஆரம்பிச்சேன். படிச்சது பெயிண்ட் வரலாறு, மெழுகு வரலாறு, வெடிமருந்து வரலாறுன்னு எங்கெங்கேயோ இழுத்துட்டுப் போயிடுச்சு. அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க மக்களே.

மோட்டார் கார் வந்த புதுசுல அதுக்குன்னு தனியா பெயிண்ட் எதுவும் கிடையாது. குதிரை வண்டிக்கு அடிச்ச அதே ஆளி விதை எண்ணெய் பெயிண்டும் வார்னிஷும்தான். கையால, பிரஷ்ஷால, பூச்சு மேல பூச்சா அடிக்கணும். ஒவ்வொரு பூச்சும் காயணும், காய்ஞ்சதும் தேய்க்கணும், மறுபடி அடிக்கணும். ஒரு வண்டி முடிய வாரக்கணக்கில் ஆகும். அவ்வளவு பாடுபட்டு அடிச்ச வார்னிஷ் ரொம்ப நோஞ்சான். சேறு மேலேயே காய்ஞ்சா கறை பிடிச்சுடும். வெந்நீர் ஆகாது. குதிரை லாயத்திலிருந்து வர்ற அம்மோனியா நெடி பட்டாலே பாழாகிடும், அதனால வசதியுள்ள வீடுகள்ல வண்டிக் கொட்டகையை லாயத்திலிருந்து பிரிச்சுக் கட்டினாங்க. குளிர்ந்த தண்ணியை நிறைய ஊத்தணும், கடல் பஞ்சால மெதுவா துடைக்கணும், ஷாமாய் தோலால ஒத்தி எடுக்கணும், வெயில்ல கழுவக் கூடாது. இந்த விதிகளெல்லாம் குதிரை வண்டிக்காரங்க வச்சது. ஷாமாய் என்பது ஐரோப்பிய மலைகளில் வாழும் ஆடு போன்ற ஒரு விலங்கு. இன்னைக்கு அந்தப் பேர்ல கடையில கிடைக்கிறது பெரும்பாலும் மீன் எண்ணெயில பதப்படுத்தின செம்மறித் தோல். பேர் மட்டும் அப்படியே நின்னுடுச்சு.

அடுத்து ஹென்றி ஃபோர்டு. 1908இல் வந்த மாடல் டி ஆரம்பத்துல பச்சை, சிவப்பு, சாம்பல்னு பல கலர்ல வந்தது. 1913இல் நகரும் அசெம்பிளி லைன் வந்ததும் வேகம் முக்கியமாச்சு. 1914லிருந்து 1925 வரைக்கும் கருப்பு மட்டும்தான். அது நிலக்கீல் கலந்து, அடுப்புல வச்சுச் சுட்ட ஒரு வகை எனாமல். மலிவு, உறுதி. ஆனா பளிச்சுன்னு ஒரு கலர் வேணும்னா பழைய மாதிரி வாரக்கணக்கில் காத்திருக்கத்தான் வேணும். கார் செய்யுற வேகத்துக்கு பெயிண்ட் காயுற வேகம் ஈடுகொடுக்கலை. எங்க வேலையில பாட்டில்நெக்னு சொல்வோமே, அதேதான் :)

இந்த முடிச்சை அவிழ்த்தது ஒரு வெடிமருந்துக் கம்பெனி. டூபாண்ட் 1802இல் துப்பாக்கி மருந்து செய்யத் தொடங்கிய நிறுவனம். முதல் உலகப் போரில் நேச நாடுகளுக்குப் பெருமளவு புகையில்லா வெடிமருந்து கொடுத்தது. அதோட அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ், அதாவது பஞ்சை நைட்ரிக் அமிலத்துல போட்டு எடுக்கிற சரக்கு. 1918இல் போர் முடிஞ்சது. பிரம்மாண்டமான ஆலைகள் இருக்கு, வெடிக்கத்தான் ஆளில்லை. இதே நைட்ரோசெல்லுலோஸ்தான் சினிமா ஃபிலிமுக்கும் மூலப்பொருள். 1920இல் டூபாண்டின் ஃபிலிம் ஆலையில், கெட்டியான நைட்ரோசெல்லுலோஸ் கரைசலை நீர்த்துப் போகச் செய்யும் வழி ஒன்று தெரியவந்தது. கரைசல் நீர்த்தாலும் சரக்கு குறையாது. அப்போ அதில் நிறைய வண்ணப் பொடி கலக்கலாம், ஸ்ப்ரே செய்யலாம், கரைப்பான் ஆவியானதும் சட்டுன்னு காய்ஞ்சுடும். இதுதான் டூகோ லாக்கர். 1923இல், 1924ஆம் ஆண்டு மாடலுக்காக ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லாண்ட் காரில் 'ட்ரூ ப்ளூ' என்ற நீல நிறத்தில் வந்தது. வாரங்கள் போய் மணிக்கணக்கு வந்துடுச்சு. நகப்பூச்சு என்று விற்கிறார்களே, அதுவும் இதே ரசாயனம்தான்.

இதுல ஒரு உள்குத்தும் உண்டு. டூபாண்ட் கையில ஜெனரல் மோட்டார்ஸ் பங்குகள் சுமார் 23 சதவீதம் இருந்தது. பெயிண்ட், சீட் துணி இதெல்லாம் டூபாண்ட்கிட்டயே வாங்க அந்தப் பங்கு வழி செஞ்சதுன்னு சொல்லி, 1957இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அது ஏகபோகத் தடைச் சட்டத்துக்கு விரோதம்னு தீர்ப்பு சொல்லுச்சு. கார் கலருக்குப் பின்னால இவ்வளவு அரசியல்.

கலர் வந்ததும் ஃபேஷன் வந்தது. மேலே ஒரு கலர், கீழே ஒரு கலர் வேணும்னு ஜனங்க கேட்டாங்க. இரண்டு கலருக்கும் நடுவுல கோடு நேரா வரணுமே? பட்டறைக்காரங்க காகிதத்தை கோந்து போட்டு ஒட்டினாங்க, பிச்சு எடுக்கும்போது கூடவே பெயிண்டும் வந்துச்சு. 3எம் கம்பெனியிலிருந்து தண்ணி போட்டுத் தேய்க்கிற உப்புத்தாளைச் சோதிக்க ஒரு பட்டறைக்குப் போன ரிச்சர்ட் ட்ரூ என்ற இளைஞர், பெயிண்டர்கள் திட்டுறதைக் கேட்டுட்டு வந்து 1925இல் மாஸ்கிங் டேப் கண்டுபிடிச்சார். இன்னைக்கும் நம்ம ஊர் டிங்கரிங் பட்டறையில கண்ணாடி ஓரத்துல நியூஸ்பேப்பர் வச்சு ஒட்டுறாங்களே, அதோட மூதாதை இதுதான்.

சரி, கழுவுற மேட்டருக்கு வருவோம். லாக்கருக்கு ரெண்டு பலவீனம். ஒண்ணு, அடிச்ச உடனே மங்கலாத்தான் இருக்கும், தேய்ச்சாத்தான் மினுங்கும். ரெண்டு, வெயில் பட்டுப் பட்டு மேல்பரப்பு வெளிறி சுண்ணாம்பு மாதிரி பொடி ஆகும். அந்தச் செத்த தோலைத் தேய்ச்சு எடுத்துட்டு மேலே மெழுகு போடணும். சிகாகோவின் சைமனைஸ் இந்த ரெண்டு வேலைக்கும் டப்பா வித்தது. அது எவ்வளவு பரவுச்சுன்னா, 'சைமனைஸ்' என்பது ஆங்கில அகராதியில வினைச்சொல்லாவே ஏறிடுச்சு, நாம 'ஜெராக்ஸ் எடு'ன்னு சொல்ற மாதிரி. 1901இல் ஃப்ராங்க் மெக்வயர் என்பவர் வீட்டு கராஜில் மர சாமான்களுக்காகத் தொடங்கிய பாலிஷும் காருக்கு மாறுச்சு. 1941இல் சிகாகோவில் பென் ஹிர்ஷ் குளியல் தொட்டியில் பாலிஷ் கலக்கி, நிறுத்தி வச்ச கார்கள்ல ஒரே ஒரு மட்கார்டை மட்டும் பளபளன்னு ஆக்கிட்டு ஓனர் வரும் வரை காத்திருந்து வித்தாராம். அதுதான் பிறகு டர்ட்டில் வேக்ஸ் ஆச்சு. மார்க்கெட்டிங்னா இது :)

மெழுகு எங்கிருந்து வந்தது? வடகிழக்கு பிரேசிலில் சியரா, பியாவி மாநிலங்களில் வளரும் கார்னோபா பனை. நம்ம பனை மாதிரியே விசிறி ஓலை. அந்த வறண்ட மண்ணுல தண்ணி ஆவியாகாம இருக்க ஓலை மேல மரம் தானே மெழுகு பூசிக்கும். ஓலையை வெட்டி, வெயில்ல காய வச்சு, அடிச்சு உதிர்த்து, உருக்கி எடுப்பாங்க. சுமார் 82 டிகிரிக்கு மேலதான் உருகும், இயற்கை மெழுகுகளில் கடினமானது. 1935இல் அமெரிக்க மெழுகு வியாபாரி ஹெர்பர்ட் ஜான்சன் இந்தப் பனையைத் தேடி விஸ்கான்சினின் ரசீனிலிருந்து நீரிலும் நிலத்திலும் இறங்கும் விமானத்தில் ஃபோர்டலேஸா வரை பறந்தார். அதே வட்டாரத்தில் ஓலை வெட்டுற கூலிகள் கிட்டத்தட்ட அடிமைகள் போல நடத்தப்படுவதை 2017இல் ஒரு ஜெர்மன் தொலைக்காட்சி ஆவணப்படம் காட்டியது. மினுமினுப்புக்கு எங்கேயோ ஒருத்தர் கூலி கொடுத்துட்டுத்தான் இருக்கார்.

சோப்புக்கும் ஒரு கதை இருக்கு. சாதா சோப்பு உப்புத் தண்ணியில இருக்கிற கால்சியத்தோட சேர்ந்து வெள்ளைக் கசடா படியும், நம்ம போர் தண்ணியில குளிக்கிறவங்களுக்குத் தெரியும். முதல் உலகப் போரில் கொழுப்புப் பஞ்சம் வந்தப்போ ஜெர்மனியில் செயற்கை டிடர்ஜெண்ட் பிறந்தது, இரண்டாம் போருக்குப் பிறகு உலகம் முழுக்கப் பரவியது. ஆனா முதல் தலைமுறை டிடர்ஜெண்டை பாக்டீரியாவால தின்ன முடியலை. ஆறுகள்ல நுரை மலை மலையா நின்னுச்சு. 1965இல் அமெரிக்கத் தொழில்துறை மட்கும் வகைக்கு மாறியது. துணி பவுடர்ல சோடா உப்பும் இருக்கு. அது அழுக்கோட சேர்த்து மெழுகையும் கழட்டிடும்.

இப்போ க்ளைமாக்ஸ். 1980களில் காரில் இன்னொரு பெரிய மாற்றம் பரவலாச்சு. கலர் ஒரு அடுக்கு, அதுக்கு மேல நிறமே இல்லாத கண்ணாடி மாதிரி க்ளியர் கோட். இதுக்கு லாக்கர் மாதிரி தேய்ப்பு தேவையே இல்லை, தானாகவே மின்னும். ஆனா அந்த க்ளியர் கோட் பொதுவா 40, 50 மைக்ரான் அளவுதான், தலைமுடியை விட மெல்லிசு. அழுத்தித் தேய்ச்சா குறைவது அதுதான். லாக்கர் போய்டுச்சு, தேய்க்கிற பழக்கம் மட்டும் போகலை. தாத்தா காலத்து மருந்துச் சீட்டை பேரனுக்குக் கொடுக்கிற கதை.

அந்த வட்டக் கீறல்? உண்மையில அது வட்டமே இல்லை. பரப்பு முழுக்க எல்லாத் திசையிலும் நேர் கீறல்கள்தான் இருக்கு. வெளிச்சத்துக்குக் குறுக்கே ஓடுற கீறல் மட்டும் நம்ம கண்ணுக்கு மின்னும், அதெல்லாம் சேர்ந்து வெளிச்சத்தைச் சுத்தி வட்டமா தெரியுது. நம்பிக்கை இல்லேன்னா பழைய எவர்சில்வர் தட்டை வெயில்ல பிடிச்சுப் பாருங்க. தட்டை ஆட்டினா வட்டமும் கூடவே நகரும்.

காரணம், தூசியோட சேர்த்துத் தேய்க்கிறது. அதனாலதான் ரெண்டு வாளி முறை. ஒண்ணுல ஷாம்பூ, இன்னொண்ணுல துணி அலச வெறும் தண்ணி. துணியும் முக்கியம். 1970இல் ஜப்பானின் டோரே நிறுவனத்தில் மியோஷி ஒகமோட்டோ செய்த மிக நுண்ணிய இழைத் துணியிலிருந்து தொடங்கிய வழியில் வந்ததுதான் இன்றைய மைக்ரோஃபைபர். தூசியை இழைக்குள்ள வாங்கிக்கும், பெயிண்ட் மேல உருட்டாது.

கடைசியா தண்ணி. 1976 வறட்சியில் பிரிட்டன் வறட்சிக்குன்னே தனி அமைச்சரை நியமிச்சது, ஹோஸ் பைப்பால கழுவத் தடை போட்டது. 2019 ஜூனில் சென்னையின் ஏரிகள் வத்திப் போய், ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணி வந்ததை நாம மறந்திருக்க மாட்டோம். 2024 மார்ச்சில் பெங்களூரில் குடிநீரால கார் கழுவினா 5,000 ரூபாய் அபராதம்னு அறிவிச்சாங்க. எங்க ஹோஸ்ல 15 லிட்டர் வாளி ஒரு நிமிஷத்துக்குள்ள நிறைஞ்சுடுது. ரெண்டு வாளியில முடிகிற வேலைக்கு பத்து வாளித் தண்ணியை நானே ஊத்தியிருக்கேன்.

இவ்வளவும் படிச்சு முடிச்சப்போதான் உறைச்சுது. ரெண்டு மாசமா ஒவ்வொரு ஞாயிறும் உச்சி வெயில்ல, துணி துவைக்கிற பவுடர் போட்டு, பழைய பனியனால, ஒரே வாளியில முக்கி முக்கித் தேய்ச்சது யாரு? நான்தான். போதாததுக்கு ஆபீஸ் கிளம்பும்போது தினமும் வறண்ட தூசியை அதே பனியனால தட்டித் துடைச்சதும் நான்தான்.

மறுநாள் காலையில ஒரு டீ வாங்கிட்டுப் போய், "அண்ணே, தப்பு என்னோடது, மன்னிச்சுக்கோங்க"ன்னு சொன்னேன். அவர் சிரிச்சார். "நீங்களே கழுவ ஆரம்பிச்சதுலேர்ந்து உங்க வண்டியை நான் தொடுறதே இல்லையே சார்." "அப்புறம் ஏண்ணே அன்னைக்கே சொல்லலை?" டீயை உறிஞ்சிட்டே சொன்னார்: "சொன்னா நம்பியிருப்பீங்களா சார்?"

பெயிண்ட்ல விழுந்த கீறலுக்கு பாலிஷ் இருக்கு. இதுக்கு?

பி.கு: இப்போ மூணு வாரத்துக்கு ஒரு தடவைதான் கழுவுறேன். நிழல்ல, ரெண்டு வாளி, மைக்ரோஃபைபர். அண்ணனுக்கும் நாலு துணியும் இன்னொரு வாளியும் வாங்கிக் கொடுத்தாச்சு. பழைய பனியன் வண்டியை விட்டு கிச்சனுக்கு மாறிடுச்சு. உங்க வண்டிக் கதையும் பின்னூட்டத்துல சொல்லுங்க.