மண்ணைப் பிடிச்சு நிக்கிற வெட்டிவேர்

நம்ம கூட்டமைப்பு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒண்ணு எழுதித் தரச் சொன்னாங்க. ராஜா கதை, கோட்டைக் கதை எனக்கு எழுத வராது. நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு புல்லோட வரலாற்றை எழுதுறேன்.

நீலகிரியில இருக்கிற நமக்கு ஐப்பசி, கார்த்திகை வந்தாலே வயித்துல பயம்தான். 1978, 1979ஆம் வருஷங்களில் பெரிய மண்சரிவுகள் நடந்தன. 1993 நவம்பரில் குன்னூர் மலைப்பாதையில் மரப்பாலம் பக்கம் சரிந்தது. 2009 நவம்பர் மழையில் மட்டும் 40 பேருக்கு மேல் மண்ணுக்குள் போனார்கள். சோலையையும் புல்வெளியையும் அழிச்சு, சரிவை வெட்டி வீடும் ரோடும் போட்ட இடத்தில், மண்ணைப் பிடிக்க வேர் இல்லாமப் போச்சு.

வெட்டிவேர்னா பானைத் தண்ணியில போடுறதும், ஜன்னலுக்குத் தட்டி கட்டுறதும்தான் நமக்குத் தெரியும். அந்தத் தமிழ்ப் பேரையேதான் பிரெஞ்சுக்காரரும் இங்கிலீஷ்காரரும் எடுத்துக்கிட்டாங்க. இன்னைக்கும் உலகம் முழுக்க அதுக்கு அந்தப் பேருதான்.

முதுமலை, பந்திப்பூர் காட்டைத் தாண்டினா வர்ற குண்டல்பேட்டைப் பக்கம், விவசாயிகள் 100 வருஷத்துக்கும் மேலாக வயல் எல்லையில் வெட்டிவேரை வரிசையா வச்சு வளர்த்து வந்திருக்காங்க. எந்த ஆபீசரும் வந்து சொல்லிக்கொடுக்கலை. பக்கத்துக் காட்டுக்காரர் எல்லையை நகர்த்த முடியாது, மண்ணும் ஓடாது.

கடல் தாண்டியும் இதே கதைதான். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து நம்ம ஜனங்களைக் கப்பல் ஏற்றி, கரும்புத் தோட்டக் கூலிகளாக பிஜித் தீவுக்குக் கொண்டுபோனார்கள். பின்னால் அங்கே கரும்பு மலைச்சரிவிலும் ஏறியது, மண் கரைந்து ஓடியது. 1950களில் ஜான் கிரீன்ஃபீல்டு என்பவர் அந்தச் சரிவுகளில் வெட்டிவேரைக் குறுக்கு வரிசையாக நட வைத்தார். அவரும் ரிச்சர்டு கிரிம்ஷாவும் 1980களில் உலக வங்கி வேலையாக இந்தியா வந்தபோது, இந்த முறையை இங்கே பரப்பினார்கள். 1990களில் தாய்லாந்து மன்னர் பூமிபோல் தன் நாடு முழுக்க நடச் சொன்னார்.

இந்தப் புல் எப்படி வேலை செய்யுது? இதன் வேர் பக்கவாட்டில் அதிகம் பரவாது, நேரா கீழே இறங்கும். நல்ல மண்ணில் 3 மீட்டர் வரைக்கும் போகும். மேலே தூர் நெருங்கி வேலி மாதிரி நிக்கும். மழைத் தண்ணி வேகமா இறங்கி வந்து அதுல முட்டி, வேகம் குறைஞ்சு, பரவலா கசிஞ்சு போகும். கொண்டுவந்த வண்டல் வேலிக்குப் பின்னாடியே தங்கிடும். வண்டல் ஏற ஏற புல்லும் மேலே வளரும். சில வருஷத்துல அதுவே படிக்கட்டு மாதிரி ஆயிடும்.

நடுறதுல ரெண்டு விஷயம் முக்கியம். ஒண்ணு, கொத்தனார் டியூப்பில் தண்ணி விட்டு மட்டம் பார்க்கிற மாதிரி பார்த்து, சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் நடணும். ரெண்டு, மழை தொடங்கும்போது 10 முதல் 15 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டு, செத்துப்போன தூருக்குப் பதில் உடனே வேற வைக்கணும். ஒரு இடைவெளி இருந்தாலும் தண்ணி எல்லாம் அதுவழியா பாய்ஞ்சு ஓடை ஆக்கிடும். நிழலில் இது சரியா வராது. மலை ஆழத்திலிருந்தே நகர்ந்தா புல்லால தடுக்க முடியாது. அதுக்கு வடிகாலும் சுவரும் வேணும், சில இடத்தில் வீட்டையே மாத்தணும்.

இப்ப நம்ம குழுக்களில் ஒரு பேச்சு ஓடுது: "வேருக்கு நல்ல விலை இருக்கே, சரிவுல நட்டதைத் தோண்டி வித்தா கடன் அடையுமே." கேக்கிறதுல தப்பில்லை, நம்ம கஷ்டம் நமக்குத்தான் தெரியும். ஆனா ஹைட்டி நாட்டைப் பாருங்க. வாசனை எண்ணெய்க்காக அங்கே மலைச்சரிவில் வேரைத் தோண்டித் தோண்டி, மண்ணே கரைஞ்சு போச்சு. வேரைத் தோண்டினா மண்ணையும் இளக்கித்தானே ஆகணும்?

கடலூர்ப் பக்கம் சமமான மணல் பூமியில் பயிரிட்டு வேர் எடுக்கிறாங்க. நாமளும் விற்கிற வேரைச் சமதளத்தில் வளர்ப்போம். சரிவில் நிக்கிற தூரிலிருந்து இலையை அறுத்துக் கூரை வேயலாம், மூடாக்குப் போடலாம். நாற்றுப்பண்ணை வச்சு தூர் பிரிச்சு விற்கலாம். வீட்டுக்கு மேல நிக்கிற வரிசையில மட்டும் கடப்பாரை போடவேண்டாம். அதுக்குக் கீழே நம்ம பிள்ளைங்க தூங்குது.