செங்கொடியும் மஞ்சள் பெட்டியும்

1896-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 17-ஆம் தேதி. லண்டன் நகரின் தென்பகுதியில் கிறிஸ்டல் பாலஸ் தோட்டத்தில் ஒரு திருவிழா. பிரிட்ஜெட் டிரிஸ்கால் என்ற 44 வயது மாது தன் பெண்ணை அழைத்துக்கொண்டு அதைப் பார்க்கப் போயிருந்தாள். தோட்டத்தில் ஒரு கம்பெனியார் மோட்டார் வண்டி ஓட்டிக் காண்பித்துக்கொண்டிருந்தார்கள். ஆசைப்பட்டவர்களை ஏற்றிக்கொண்டும் போனார்கள். அப்படி வந்த வண்டி ஒன்றைக் கண்டு அந்த அம்மாள் விலகத் தோன்றாமல் திகைத்து நின்றுவிட்டாள். வண்டி மோதியது, உயிர் போயிற்று. பிரிட்டனில் மோட்டார் காருக்குப் பலியான முதல் பாதசாரி அவள்தான் என்று சரித்திரம் எழுதி வைத்திருக்கிறது.

வண்டி என்ன வேகத்தில் வந்தது? மணிக்கு 4 மைல் என்றான் ஓட்டியவன். அதாவது, நாம் ரயிலைப் பிடிக்க நடக்கிற வேகம். இல்லை, நெருப்பணைக்கும் வண்டியைப் போலப் பாய்ந்து வந்தது என்றார்கள் பார்த்தவர்கள். தற்செயலாக நேர்ந்த மரணம் என்று விசாரணை முடிந்தது. இப்படி ஒன்று இனி ஒரு நாளும் நடக்கக் கூடாது என்று விசாரித்த அதிகாரி சொன்னாராம்.

இதில் ஒரு விபரீதப் பொருத்தம் இருக்கிறது. அந்த விபத்துக்கு மூன்றே நாள் முன்னால்தான் புதிய மோட்டார்ச் சட்டத்துக்கு ராஜாங்க சம்மதம் கிடைத்திருந்தது. அதற்கு முன் இருந்தது 1865-ஆம் வருஷத்துச் சட்டம். நீராவியால் ஓடும் பெரிய இயந்திர வண்டிகளுக்காக ஏற்பட்டது அது. ஊருக்குள் 2 மைல், வெளியே 4 மைல். அதற்குமேல் போகக் கூடாது. போதாததற்கு, அறுபது கஜம் முன்னால் ஓர் ஆள் செங்கொடி பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும்! கொடியைப் பிற்பாடு தளர்த்திவிட்டார்கள். ஆளை மட்டும் நடக்க வைத்தார்கள். புதிய சட்டம் நவம்பரில் அமலுக்கு வந்ததும் அந்த ஆளும் வீட்டுக்குப் போனான். 14 மைல் வரை போகலாம் என்று ஆயிற்று. 1903-இல் அது 20 மைல் ஆயிற்று.

அப்புறம் நடந்தது ஒரு கண்ணாமூச்சி விளையாட்டு. நாட்டுப்புறச் சாலைகளில் வேலிச் செடிகளுக்குப் பின்னால் போலீஸ்காரர்கள் கைக்கடியாரத்துடன் பதுங்கினார்கள். இரண்டு அடையாளங்களுக்கு நடுவே கார் கடக்கும் நேரத்தைக் கணக்கிட்டு, வேகமாக வந்தவனைப் பிடித்தார்கள். மோட்டார் வைத்திருந்தவர்களோ பெரிய மனிதர்கள். வேலிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது யோக்கியமான காரியமா என்று கோபம் வந்தது அவர்களுக்கு. 1905-இல் ஒரு சங்கம் ஸ்தாபித்தார்கள். இன்றும் பிரசித்தமாக இருக்கும் ஆட்டோமொபைல் அசோசியேஷன் என்பது அதுதான். அதன் ஆட்கள் சைக்கிளில் சுற்றி, போலீஸ் எங்கே பதுங்கியிருக்கிறது என்று வருகிற கார்களுக்கெல்லாம் தகவல் கொடுத்தார்கள். 1910-இல் கோர்ட்டு, இது போலீஸாரின் கடமைக்கு இடையூறு செய்வதாகும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. சங்கம் சளைக்கவில்லை. தம் சின்னம் தாங்கிய காரைக் கண்டால் சலாம் போடுவது அந்தச் சைக்கிள்காரர்களின் வழக்கம். இனி அவன் சலாம் போடாவிட்டால் காரை நிறுத்தி ஏன் என்று கேளுங்கள் என்று அங்கத்தினர்களுக்குச் சொல்லி வைத்தார்கள். சலாம் போடாத குற்றத்துக்கு எந்தக் கோர்ட்டு தண்டிக்கும்?

இந்தச் சாமர்த்தியத்தை ரசிக்காமல் இருக்க முடியவில்லை. ஆனால் இதன் பலன் என்னவென்றால், யாரும் மதிக்காத சட்டமாக அது ஆகிவிட்டது. மதிக்காத சட்டத்தை வைத்திருப்பானேன் என்று 1930-இல் பார்லிமெண்டு கார்களுக்கு இருந்த வேக வரம்பையே எடுத்துவிட்டது. ஜாக்கிரதையாக ஓட்டாவிட்டால் தண்டனை, கட்டாய இன்ஷ்யூரன்ஸ் என்று வேறு விதிகளை வைத்தது. அந்த வருஷம் சாலையில் இறந்தவர்கள் 7,305 பேர். வரம்பை எடுத்ததும் பிணங்கள் குவிந்தன என்று எழுதினால் என் கட்சிக்குச் சௌகரியமாக இருக்கும். வாஸ்தவம் அப்படி இல்லை. முதல் இரண்டு வருஷம் தொகை குறையவே செய்தது. பிறகு ஏறி, 1934-இல் 7,343 ஆயிற்று. அதில் பாதிப் பேர் நடந்து போனவர்கள்.

என் கட்சி என்றேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆகையால் நான் பாதசாரிக் கட்சி. வாசகர்கள் அதையும் கழித்துக்கொண்டு படிக்கலாம்.

1934-இல் பார்லிமெண்டில் இதைப் பற்றி விவாதம் வந்தபோது மூர்-பிரபஸான் என்ற அங்கத்தினர் பேசிய பேச்சு படிக்கத்தக்கது. விமானம் ஓட்டப் பிரிட்டனில் முதல் லைசென்ஸ் பெற்ற தீரர் அவர். அந்தக் காலத்தில் எத்தனை கோழிகளைக் கொன்றோம், காரின் முன்புறமெல்லாம் இறகாக இருக்குமே என்று நினைவூட்டினார். இப்போது நாய்கள்கூட விலகக் கற்றுக்கொண்டுவிட்டன. மனிதர்களும் போகப் போகப் பழகிக்கொள்வார்கள் என்றார். ஏழாயிரம் பேர் செத்த கணக்கு எதிரே கிடக்க, ஒரு புத்திசாலி இப்படிப் பேசினார். கோழிக்கும் நாய்க்கும் அடுத்தபடியாக யாருக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது என்பதை அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

அதே வருஷம் போக்குவரத்து மந்திரியானார் ஹோர்-பெலிஷா. பதவி ஏற்றுச் சில நாளில் காம்டன் ஹைஸ்ட்ரீட்டைக் கடக்கும்போது ஒரு கார் அவரையே இடிக்கப் பார்த்தது. மந்திரிகள் எப்போதாவது நடந்து போவது நாட்டுக்கு நல்லது. ஜனங்கள் கடக்கும் இடங்களில் கறுப்பு வெள்ளைக் கம்பம் நட்டு, உச்சியில் ஆரஞ்சு நிறக் குண்டு வைத்தார். 1935 மார்ச்சு 18 முதல் ஊர்ப்பகுதிகளில் 30 மைல் வரம்பு வந்தது. அந்த வருஷம் இறந்தவர்கள் 6,502. முந்தின வருஷத்தைவிட 841 பேர் குறைவு. ஆனால் கார் ஓட்டப் பரீட்சையும் அதே வருஷம்தான் கட்டாயமாயிற்று. எந்த உயிரை எது காப்பாற்றியது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

வரம்பு மட்டும் இருந்தால் போதாது என்பதற்கு யுத்த காலம் சாட்சி. விமானத் தாக்குதலுக்கு அஞ்சி ஊரெல்லாம் விளக்கை அணைத்தார்கள். 1940-இல் இரவு நேரத்தில் 20 மைல் என்று விதித்தார்கள். இருட்டில் தன் வேகத்தைக் காட்டும் முள்ளே ஓட்டுகிறவனுக்குத் தெரியாது. போலீஸ்காரனுக்கு எப்படித் தெரியும்? 1941-இல் சாலையில் இறந்தவர்கள் 9,169 பேர். அந்த நாட்டின் சரித்திரத்திலேயே அதுதான் உச்சம்.

ஆக, பார்க்கிற கண் வேண்டும். அந்தக் கண்ணைச் செய்து கொடுத்தவர், வேடிக்கையைப் பாருங்கள், ஒரு பந்தய வீரர். ஹாலந்துக்காரரான மாவுஸ் காட்ஸோனிடிஸ் 1953-இல் மாண்டி கார்லோ மோட்டார்ப் பந்தயத்தில் ஜயித்தவர். வளைவுகளில் தாம் இன்னும் எவ்வளவு வேகமாகத் திரும்பலாம் என்று அளப்பதற்காக அவர் கண்டுபிடித்த கருவிதான் பிற்காலத்தில் வேகக் காமிரா ஆயிற்று. லண்டனில் டிவிக்கன்ஹாம் பாலத்தில் 1992-இல் அது முதன்முதலாக வந்தது.

உடனே பழைய கோபம் திரும்பிற்று. சாம்பல் நிறப் பெட்டியை மரத்துக்குப் பின்னால் வைத்துப் பணம் பறிக்கிறார்கள் என்றார்கள். அபராதப் பணத்திலிருந்தே காமிராச் செலவை எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு சில வருஷம் இருந்ததால் சந்தேகம் வலுத்தது. கடைசியில் 2001-இல் அரசாங்கம் இறங்கி வந்து, காமிராப் பெட்டிக்கு மஞ்சள் பூசிக் கண்ணில் படும்படி வைக்க வேண்டும் என்றது. சைக்கிள்காரன் சலாமை நிறுத்திச் செய்த வேலையைச் சர்க்காரே செய்ய ஆரம்பித்துவிட்டது!

அதைவிடக் கெட்டிக்காரத்தனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. விபத்து அதிகமான வருஷத்தைப் பார்த்துத்தானே ஓர் இடத்தில் காமிரா வைக்கிறீர்கள்? அடுத்த வருஷம் அது தானாகவே குறைந்திருக்குமே! ஜுரம் உச்சத்தில் இருக்கும்போது கஷாயம் கொடுத்த வைத்தியருக்குப் பேர் வருவதுபோல் காமிராவுக்குப் பேர் வருகிறது என்கிறார்கள். நியாயமான கேள்விதான். இதையும் யோசித்தவர்களின் கணக்குகள் இருக்கின்றன. பல தேசங்களில் நடந்த 35 ஆராய்ச்சிகளை கொக்ரேன் ஸ்தாபனம் 2010-இல் சேர்த்துப் பார்த்தது. ஆராய்ச்சிகளின் தரம் இன்னும் உயரலாம் என்று சொல்லிவிட்டு, காமிரா உள்ள இடங்களில் உயிர்ச்சேதமும் பலத்த காயமும் உண்டாக்கும் விபத்துக்கள் நூற்றுக்கு 11 முதல் 44 வரை குறைந்திருப்பதாகக் கண்டது. கஷாயத்தில் மருந்தும் கொஞ்சம் இருக்கிறது என்று அர்த்தம்.

இருபதுக்கும் முப்பதுக்கும் அப்படி என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றலாம். பிரிட்டிஷ் சாலை விதிப் புத்தகத்தின் கணக்குப்படி 20 மைலில் வரும் கார் 12 மீட்டருக்குள் நின்றுவிடும். 30 மைலில் வந்தால் 23 மீட்டர் வேண்டும். அதில் 9 மீட்டர், ஓட்டுகிறவன் சுதாரித்துப் பிரேக்கில் காலை வைப்பதற்குள்ளேயே போய்விடும். பன்னிரண்டு மீட்டர் தூரத்தில் ஒரு குழந்தை பந்தைத் துரத்திக்கொண்டு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கார் குழந்தைக்கு முன்னால் நிற்கும். இரண்டாவது கார் 26 மைல் வேகத்தில் அதன்மேல் மோதும்.

வேல்ஸ் நாட்டில் 2023 செப்டம்பர் 17 முதல் ஊர்த்தெருக்களில் 30 மைலை 20 ஆக்கினார்கள். எதிர்த்து நாலரை லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். அந்தச் சபை அவ்வளவு பெரிய மனுவை அதுவரை கண்டதில்லை. அடுத்த ஒன்றரை வருஷத்தில் அந்தச் சாலைகளில் அடிபட்டவர்களும் இறந்தவர்களும் ஏறக்குறைய கால் பங்கு குறைந்திருந்தார்கள். ஆனாலும் சில தெருக்களில் ஜனங்கள் கேட்டுக்கொண்டதன்பேரில் முனிசிபாலிடிக்காரர்கள் ஏணியைச் சாய்த்து ஏறி, 20 என்ற பலகையைக் கழற்றிவிட்டுப் பழைய 30-ஐ மாட்டினார்கள்.