பேய்க்கு முப்பது விநாடி

கிள்ளானில் ஒரு கல்லூரியின் கணினிக்கூடத்தில் பகுதிநேர உதவியாளனாக இருந்தபோதுதான் நான் முதன்முதலாக ஒரு பேயைக் கொன்றேன். நாற்பது கணினிகளுக்கும் ஒரே இணைப்பு. நடுவில் 'ஸ்குவிட்' என்ற ப்ராக்ஸி: கேட்ட பக்கத்தை வாங்கிவந்து கொடுத்துவிட்டு, நகலொன்றைத் தானும் வைத்துக்கொள்ளும் இடையாள். அன்று எல்லாமே ஊர்ந்தன. பொறுமையில்லாமல் கருப்புத் திரையில் 'கில் -9' அடித்தேன். ஓரத்தில் இருந்த அக்கா அப்போதுதான் பல்கலைக்கழக விண்ணப்பத்தை அனுப்பப் பொத்தானை அழுத்தியிருந்தார்.

"தம்பி, போயிடுச்சா இல்லையான்னே தெரியலையே..."

எனக்கும் தெரியவில்லை.

பேய் என்பது என் மிகை அல்ல. திரையில் தலைகாட்டாமல் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கு 1963 வாக்கில் எம்.ஐ.டி.யில் 'டீமன்' என்று பெயர் வைத்தார்கள். ஓயாமல் மூலக்கூறுகளைப் பிரித்துக்கொண்டிருப்பதாக இயற்பியலாளர் மாக்ஸ்வெல் கற்பனை செய்த குட்டிப் பூதத்தின் நினைவாக.

'கில்' என்ற பெயர்தான் ஆளை ஏமாற்றும். யுனிக்ஸில் அது சமிக்ஞை அனுப்பும் கட்டளை, அவ்வளவுதான். எண் எதுவும் சொல்லாவிட்டால் 15 போகும். அது 'முடித்துக்கொள்' என்ற வேண்டுகோள். கையிலிருப்பதை ஒழுங்குபடுத்திவிட்டு நிரல் கிளம்பலாம். 9 அப்படியில்லை, நிரலின் காதுக்கே எட்டாது. எனக்கு ரொம்பப் பிடித்தது 1, 'ஹேங்அப்'. தொலைபேசிக் கம்பி வழியே தூரத்துக் கணினியோடு பேசிய காலத்தில், லைன் கட்டானால் அங்கே ஓடும் நிரலுக்குப் போன செய்தி அது. டீமனுக்கோ முனையமே கிடையாது, கட்டாவதற்கு லைனும் இல்லை. சும்மா கிடந்த சமிக்ஞைக்கு வேறு வேலை கொடுத்தார்கள்: அமைப்புக் கோப்பை மறுபடி படி. ரிசீவரை வைக்கிற சத்தம், 'திரும்ப ஆரம்பி' என்று ஆகிவிட்டது!

ஸ்குவிட் 1996இல், ஹார்வெஸ்ட் என்ற அமெரிக்க ஆய்வுத் திட்டத்திலிருந்து கிளைத்தது. (அதே ஆண்டு சிங்கப்பூரில் இணையச் சேவை நிறுவனங்கள், சில தளங்களை மறிப்பதற்காக ப்ராக்ஸி வைக்க வேண்டிவந்தது. சேமிக்கவும் மறிக்கவும் ஒரே இடையாள்தான்.) 'ஸ்குவிட் -கே ஷட்டவுன்' என்று அடித்திருந்தால், புதியவர்களை உள்ளே விடாமல், இருப்பவர்கள் முடிக்க 30 விநாடி வரை காத்திருக்கும். 'ஸ்குவிட் -கே ரீகன்ஃபிகர்' என்றால் உயிரோடு இருந்தபடியே அமைப்பைப் படித்துக்கொள்ளும். அது அனுப்புவது அந்தப் பழைய 1தான்.

மூத்த அண்ணன் திட்டவில்லை. "பேய்க்கும் முப்பது செகண்ட் டைம் குடுக்கணும்லா" என்றார். அரைகுறையாக நின்றதால், வட்டிலிருந்த நகல்களின் பட்டியலை ஸ்குவிட் மறுபடி கட்ட ஆரம்பித்தது. கூடம் முன்பைவிட மெதுவானது. அக்கா எழுந்து போகவில்லை. முதல் பக்கத்துக்குத் திரும்பி, அடையாள அட்டை எண்ணை ஒவ்வோர் இலக்கமாகத் தட்டிக்கொண்டிருந்தார்.